வீட்டுக்குள் இல்லாததெல்லாம் தெருவில்: பழைய ரோமின் வாடகைக் குடித்தனங்கள்

ரோமில் காப்பிட்டோலைன் குன்றின் அடிவாரத்தில், சாலையோரப் பள்ளம் ஒன்றில் பழைய செங்கல் கட்டடம் நிற்கிறது. பக்கத்திலேயே பிரம்மாண்டமான வெள்ளைப் பளிங்கு நினைவுச்சின்னம். குன்றின் மேலே மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம். சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் செங்கல் சுவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய ரோமின் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே மிச்சமிருக்கும் மிகச் சில சாட்சிகளில் இது ஒன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுந்த வாடகைக் குடியிருப்பு இது. கீழ்த்தளத்தில் கடைகள். கடைகளுக்கு மேலே பரண் மாதிரி தாழ்வான ஒரு தளம். அதற்கு மேல் ஓரளவு வசதியான அறைகள். இன்னும் மேலே போகப் போக அறைகள் சிறுத்து, இருட்டாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக இருக்கும். தெருமட்டம் இத்தனை நூற்றாண்டுகளில் உயர்ந்துவிட்டதால் அன்றைய கடைவாசல் இன்று தரைக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

ரோம் என்றதும் நம் கண்முன் வருவது கொலோசியமும் செனட் சபையும், நடுமுற்றமும் தூண்களும் வைத்த பணக்காரர் மாளிகையும்தான். அந்த மாளிகைகள் இருந்தது உண்மை. எத்தனை பேருக்கு அந்த வாழ்வு வாய்த்தது? 4-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட நகரப் பட்டியல்கள் தனி மாளிகைகள் சுமார் 1,790 என்றும், ‘இன்சுலா’ எனப்பட்ட வாடகைக் குடியிருப்புகள் 46,000-க்கும் மேல் என்றும் கணக்குச் சொல்கின்றன. அந்த 46,000 என்பது முழுக் கட்டடங்களா, கட்டடங்களின் பகுதிகளா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படி எண்ணினாலும், ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தில் ஆகப் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் குடியிருந்தார்கள். நம் ஊர்ப் பழைய ஒண்டுக்குடித்தனங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கம் உடனே புரியும். ரோமில் அது ஐந்தாறு மாடி உயரத்துக்கு நின்றது.

மேல்மாடி அறைகளில் சமையலறை இல்லை. குழாய் இல்லை. குளிக்க இடம் இல்லை. கழிப்பறையும் பெரும்பாலும் இல்லை. அப்படியானால் பத்து லட்சம் பேர் எங்கே சமைத்தார்கள், எங்கே குளித்தார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? ரோமின் அன்றாட வாழ்க்கைக்குள் நுழைய இதுதான் சரியான வாசல் என்று நினைக்கிறேன். ரோமானியர்களின் வீடு அவர்கள் அறையோடு முடியவில்லை. சமையலறை தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில் இருந்தது. குழாயடி சந்தியில் இருந்தது. குளியலறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நகரமே பகுதி பகுதியாகப் பிரித்து வைத்த வீடு. அந்தப் பகுதிகளை ஓயாமல் இயக்க யாரோ உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் மாடிக் கணக்கு. இன்று உயரத்தில் இருக்கும் வீட்டுக்கு விலை அதிகம். ரோமில் நேர்மாறு. மின்தூக்கி இல்லாத ஊரில் வசதியுள்ளவர் முதல் மாடியில் இருந்தார். காசு குறையக் குறைய படியேற வேண்டியிருந்தது. மூன்று மாடி ஏறித்தான் என் வீட்டுக்கு வர வேண்டும், அந்தப் படிகளும் செங்குத்து என்று கவிஞர் மார்ஷியல் எழுதுகிறார். உச்சிமாடிக்காரனுக்கு மழையிலிருந்து ஓடு மட்டுமே காவல், அங்கேதான் புறாக்கள் முட்டையிடும் என்கிறார் இன்னொரு கவிஞர் ஜூவனல். உயரம் ஆபத்தாகிவிட்டதால்தான் முதல் பேரரசர் அகஸ்டஸ் தெருவோரக் கட்டடங்கள் 70 ரோமானிய அடிக்கு, அதாவது சுமார் 20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தார். பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். ஒரே விதியை சுமார் நூறு வருடத்தில் இன்னும் கடுமையாக்க வேண்டி வந்ததிலிருந்தே கட்டடக்காரர்கள் எந்த அளவுக்கு அதை மதித்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டுமானமும் மோசம். மரச்சட்டத்துக்குள் தட்டி பின்னி மேலே சாந்து பூசிய மலிவுச் சுவர்களைக் கண்டே பிடித்திருக்க வேண்டாம், அவை தீப்பந்தம் மாதிரி எரிகின்றன என்று கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் நொந்துகொள்கிறார். எனக்கு இதில் அதிகம் உறைப்பது அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசெரோவின் ஒரு கடிதம். கி.மு. 44-இல் நண்பர் அட்டிகஸுக்கு எழுதுகிறார்: என் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன, மற்றவற்றில் விரிசல், குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகள்கூட இடம்பெயர்ந்துவிட்டன. இதைக் குறையாகக்கூட நினைக்கவில்லை, இதையே ஆதாயமாக்க ஒரு திட்டம் இருக்கிறது என்று மேலே தொடர்கிறார். அறநூல்கள் எழுதியவர் அவர். இடிந்த கட்டடத்தில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் வரவே இல்லை.

வாடகை விஷயத்தில் ஜூலை 1 முக்கியமான நாள். குத்தகைகள் அன்றுதான் தொடங்கும், அன்றுதான் முடியும். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேய் நகரச் சுவர் ஒன்றில் எழுதிய வாடகை அறிவிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது: வரும் ஜூலை 1 முதல் மாடியறைகளோடு கடைகள், தரமான மாடிக் குடியிருப்புகள், ஒரு வீடு ஆகியவை வாடகைக்கு விடப்படும், வேண்டுவோர் நிகிடியஸ் மாயஸின் அடிமை பிரைமஸைப் பார்க்கவும். வீட்டுக்காரர் நேரில் வருவதில்லை. வாடகை வசூல், பராமரிப்பு, காலி செய்ய வைப்பது எல்லாம் அடிமையோ இடைத்தரகரோ பார்த்துக்கொள்வார்கள். வாடகை கட்ட முடியாமல் ஜூலை 1 அன்று தெருவுக்கு வந்த ஒரு குடும்பத்தை மார்ஷியல் வரைந்து காட்டுகிறார். மூன்று கால்களே உள்ள கட்டில், கால் போன மேசை, விரிசல் விட்ட பானை என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். படிக்கிறவர்களைச் சிரிக்க வைக்க எழுதியது அது. இப்போது படித்தால் சிரிப்பு வரவில்லை. வாடகை அரசியலாகவும் இருந்தது. ஜூலியஸ் சீசர் ரோமில் 2,000 செஸ்டர்ஸ் காசு வரையிலான ஓராண்டு வாடகையைத் தள்ளுபடி செய்தார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் பதிவு செய்கிறார்.

தீ இன்னொரு தினசரி பயம். குளிர்காலத்தில் கரிக்கணப்பு, இரவில் எண்ணெய் விளக்கு, சுற்றிலும் மரம். கி.பி. 6-இல் அகஸ்டஸ் ‘விஜிலெஸ்’ என்ற தீயணைப்புக் காவல்படையை அமைத்தார். நகரத்தின் 14 வட்டாரங்களுக்கு 7 பிரிவுகள். இரவுரோந்து, வாளி, கோடரி, கைப்பம்பு. அடிமை விற்பனை மீது விதித்த வரியிலிருந்து இவர்களுக்குச் சம்பளம் போனது. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். அப்படியும் கி.பி. 64-இன் பெருந்தீ 14 வட்டாரங்களில் மூன்றை அடியோடு அழித்தது. நான்கு மட்டுமே சேதமின்றித் தப்பின. அப்புறம் பேரரசர் நீரோ அகலமான தெருக்கள், வீட்டுக்கு வீடு தனிச்சுவர், தீக்குத் தாங்கும் கல், கட்டடத்தின் முன்பு மண்டபம் என்று விதிகள் கொண்டுவந்தார். நீரோவின் மீது எத்தனையோ பழி உண்டு. இந்த விதிகள் நல்ல விதிகள். ஆஸ்டியா துறைமுக நகரில் இன்று நாம் பார்க்கும் திடமான செங்கல் குடியிருப்புகள் அந்தப் புதிய கட்டுமான முறையில் வந்தவைதான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ரோமானியர்கள் உலகத்துக்குக் காட்டிய பெரிய திறமை இதில்தான். கி.மு. 312-இல் அப்பியா கால்வாயில் தொடங்கி, கி.மு. 144-இல் மார்சியா, கி.மு. 19-இல் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த விர்கோ, கி.பி. 52-இல் கிளாடியா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கி.பி. 97-இல் நீர்வழங்கல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ் காலத்தில் ஒன்பது கால்வாய்கள் ஓடின. மலையடிவார ஊற்றுகளிலிருந்து, பம்பு எதுவும் இல்லாமல், மிக மெல்லிய சரிவை மட்டும் நம்பிப் பல பத்துக் கிலோமீட்டர் தண்ணீர் வந்தது. பெரும்பகுதி தரைக்கு அடியில்தான். நாம் படத்தில் பார்க்கும் வளைவுப் பாலங்கள் அதில் சிறு பங்கு.

வந்த தண்ணீர் யாருக்குப் போனது என்பதுதான் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானித்தது. பேரரசரின் அனுமதி வாங்கிய சிலருக்கு வீட்டுக்குள் ஈயக்குழாய். மற்றவர்களுக்குத் தெருமுனை நீர்த்தொட்டி. நகரத்தில் இப்படி 591 தொட்டிகள் என்று ஃபிரான்டினஸ் கணக்கு வைத்திருக்கிறார். தண்ணீர் இரவும் பகலும் நிற்காமல் கொட்டும். வழிந்தது தெருவைக் கழுவிச் சாக்கடைக்குப் போகும். பாம்பேயில் இந்தத் தொட்டிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். விளிம்புக் கல்லில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து குடித்த இடம் வழவழப்பாகத் தேய்ந்து குழிந்திருக்கிறது. எத்தனை தலைமுறைக் கைகள் அவை! குடத்தை நிரப்பிக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏறியவர்களின் கைகளும் அதில் உண்டு. அங்கே தண்ணீர் என்பது முதுகுவலியில் அளக்கப்பட்ட பொருள்.

திருட்டும் நடந்தது. கால்வாய் ஊழியர்களே காசு வாங்கிக்கொண்டு பொதுக்குழாயில் துளை போட்டு, நடைபாதைக்கு அடியில் ரகசியக் குழாய் இழுத்துக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். இதற்கென்றே ஓர் ஆள் இருந்ததையும், திருட்டுக் குழாய்களைத் தோண்டி எடுத்ததில் கணிசமான ஈயம் கிடைத்ததையும் ஃபிரான்டினஸ் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய நூல் வறண்ட நிர்வாக அறிக்கைதான். ஆனால் தன் வேலையை உயிராக மதித்த ஓர் அதிகாரியின் கோபம் அதில் கேட்கிறது. பயனற்ற பிரமிடுகளோடு என் கால்வாய்களை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அவர் கேட்கும்போது அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கழிவு விஷயத்தை ரோமானிய எழுத்தாளர்கள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். பொதுக் கழிப்பறையில் கல்பலகையில் வரிசையாக ஓட்டைகள். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. காலடியில் ஓடும் நீர். மேல்மாடிக்காரர்களுக்குச் சட்டிதான். அதைப் படியிறங்கிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இரவில் சோம்பல் பட்டால் சன்னல் இருக்கிறது. சாப்பாட்டுக்கு வெளியே போகிறவன் உயில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஜூவனல் சொல்வது மிகைதான். ஆனாலும் இதற்குத் தனிச் சட்டம் இருந்தது. மேலிருந்து கொட்டியதாலோ எறிந்ததாலோ சேதம் வந்தால் இரட்டிப்பு இழப்பீடு. சுதந்திரக் குடிமகன் இறந்தால் நிர்ணயித்த அபராதம். கட்டட உரிமையாளர் மேல் வழக்கு வராது, அங்கே குடியிருப்பவர் மேல்தான் வரும். பலர் சேர்ந்து குடியிருந்தால் யார் மேல் வேண்டுமானாலும் போடலாம். யார் கொட்டினார்கள் என்று நிரூபிக்க முடியாத நகரத்துக்கென்றே தைத்த சட்டம் அது.

சிறுநீருக்கு விலையும் இருந்தது. துணி வெளுப்பவர்கள் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்க அதைப் பயன்படுத்தினார்கள். தொட்டியில் இறங்கிக் காலால் மிதித்தவர்கள் அடிமைகள். இந்த வியாபாரத்துக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டதும், மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது காசை மூக்கருகே நீட்டி நாறுகிறதா என்று கேட்டதும் பலரும் அறிந்த கதை.

சாப்பாடு இல்லாமல் இந்த நகரத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது. கி.மு. 123-இல் மக்கள் தலைவர் கயஸ் கிராக்கஸ் குடிமக்களுக்கு நிலையான குறைந்த விலையில் கோதுமை கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கி.மு. 58-இல் குளோடியஸ் அதை இலவசமாக்கினார். சீசர் 3,20,000 பேர் இருந்த பட்டியலை 1,50,000 ஆகக் குறைத்தார். அகஸ்டஸ் காலத்தில் அது சுமார் 2,00,000-இல் நின்றது. தலைக்கு மாதம் 5 மோடியஸ், அதாவது சுமார் 33 கிலோ. ஒருவருக்கு அது தாராளம், குடும்பத்துக்குப் பற்றாது. பட்டியலில் வயது வந்த ஆண் குடிமக்கள் மட்டும்தான். பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, குடியுரிமை இல்லாத வெளியூர்க்காரர்கள் இல்லை. அதனால் ரோமின் ஏழைகள் எல்லோரும் இலவசச் சோற்றில் காலம் தள்ளினார்கள் என்ற பழைய பேச்சு சரியல்ல. உழைக்காமல் அங்கே வாழ முடியாது.

கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது. காற்று எதிர்த்தால் அலெக்ஸாண்டிரியாவிலிருந்து வர ஒரு மாதத்துக்கும் மேலாகும். கப்பல் தாமதமானால் நகரம் கொந்தளிக்கும். கி.பி. 51-இல் கையிருப்பு பதினைந்து நாளுக்குத்தான் என்ற நிலை வந்தபோது, சந்தைவெளியில் மக்கள் பேரரசர் கிளாடியஸைச் சூழ்ந்துகொண்டு ரொட்டித் துண்டுகளால் அடித்தார்கள். அவர் பின்வாசல் வழியாக அரண்மனைக்குத் தப்ப வேண்டியிருந்தது. குளிர்காலத்திலும் கப்பல் ஓட்டத் துணிந்த வணிகர்களுக்குப் புயல் நட்டத்தை அரசே ஏற்கும் என்று அவர் அறிவித்தார். உலகத்தை ஆண்டவர் பதினைந்து நாள் கோதுமைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

கோதுமை கிடைத்துவிட்டது. அதை அரைக்க வேண்டும், சுட வேண்டும். அடுப்பில்லாத அறையில் எப்படி? ரொட்டிக்கடைக்குத்தான் போக வேண்டும். அந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்பதற்கு யூரிசாசஸ் என்பவரின் கல்லறை சாட்சி. இன்றும் ரோமின் போர்ட்டா மஜோரே வாயிலருகே நிற்கிறது. சுவரில் மாவு பிசையும் கலங்களைப் போன்ற வட்டத் துளைகள், மேலே மாவு அரைப்பதிலிருந்து ரொட்டி நிறுப்பது வரை ஒவ்வொரு வேலையும் செதுக்கிய சிற்ப வரிசை. அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ரொட்டி சுட்டு இந்த அளவு உயர்ந்தேன் என்று ஊருக்கே சொல்லும் அந்தக் கல்லறையில் வெட்கம் துளியும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அதே தொழிலின் அடித்தட்டை 2023-இல் பாம்பேயில் தோண்டி எடுத்தார்கள். வெளியே பார்க்கச் சன்னல் இல்லாத, இரும்புக் கம்பி போட்ட சிறு திறப்பு மட்டும் உள்ள ரொட்டிக்கூடம். அடிமைகளும் கழுதைகளும் அதற்குள் அடைபட்டு எந்திரக்கல்லைச் சுழற்றியிருக்கிறார்கள். கழுதைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் சுற்றத் தரைக்கல்லில் காலடிக் குழிகள் வெட்டியிருந்தார்கள். பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த கருகிய ரொட்டி ஒன்றில், இது கிரேனியஸ் வேருஸின் அடிமை செலருடையது என்று முத்திரை இருக்கிறது. எட்டுத் துண்டாகப் பிய்க்க வாகாகக் கோடு கீறிய ரொட்டி. செலர் பற்றி வேறு எந்த ஆவணத்தையும் நாம் தேட வேண்டாம். அவன் தினம் என்ன செய்தான் என்பது அந்த ரொட்டியிலேயே இருக்கிறது.

ரொட்டியோடு தொட்டுக்கொள்ள? தெருமுனையில் கல்மேடையும் அதில் பதித்த ஜாடிகளும் வைத்த சாப்பாட்டுக்கடைகள். பாம்பேயில் மட்டும் இப்படி நூற்றுக்கும் மேல். 2020-இல் முழுதாக வெளிவந்த ஒரு கடையின் மேடையில் வாத்து, சேவல், கயிறு கட்டிய நாய் எல்லாம் வண்ணத்தில் இருந்தன. ஜாடிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை மிச்சங்கள். மது வைத்த ஜாடியின் அடியில் அரைத்த அவரை. மதுவின் நிறத்தையும் சுவையையும் திருத்த அதைச் சேர்ப்பார்கள். இன்னொரு கடைச் சுவரில் விலைப்பட்டியல்: ஒரு ஆஸ் காசுக்குச் சாதா மது, இரண்டுக்கு நல்லது, நான்கு கொடுத்தால் உயர்தரமான ஃபலேர்னியன் மது. இந்தக் கடைகளை ஆட்சியாளர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கும்பல் கூடும் இடமல்லவா? கிளாடியஸ் வேகவைத்த இறைச்சியையும் வெந்நீரையும் தடுத்தார். நீரோ காய்கறியும் பருப்பும் தவிரச் சமைத்த எதையும் விற்கக் கூடாது என்றார். வெஸ்பாசியன் பருப்பு மட்டும் என்றார். தடை திரும்பத் திரும்ப வந்ததே, யாரும் நிறுத்தவில்லை என்பதற்கு அத்தாட்சி. வீட்டில் அடுப்பில்லாதவனிடம் கடையில் சாப்பிடாதே என்றால் அவன் எங்கே போவான்?

ஜூவனலும் மார்ஷியலும் கிண்டல் கவிஞர்கள். அவர்களை மட்டும் நம்பினால் அந்த வாழ்க்கை முழுக்க அழுக்காகவும் அவலமாகவும் தெரியும். ஹெர்குலேனியத்தில் கடைகளும் மாடிக் குடித்தனங்களும் உள்ள ஒரு கட்டடத்துக்குக் கீழே ஓடிய கழிவுத்தொட்டியைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான மூட்டைக் கசடு கிடைத்தது. அதில் பலவகை மீன் முள், முட்டையோடு, அத்தி விதை, ஆலிவ் கொட்டை, கசகசா. சாதாரணக் குடித்தனக்காரர்கள் விதவிதமாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே மேல்மாடியிலிருந்து கழிவு இறங்கக் குழாயும் இருந்தது. ஊருக்கு ஊர், கட்டடத்துக்குக் கட்டடம் நிலை வேறுபட்டது என்பதை மறக்கக் கூடாது.

மிளகும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் டொமிஷியன் மிளகுக்கென்றே நகர மையத்தில் கிடங்கு கட்டினார். ரோமானிய எழுத்தாளர் பிளினி கருமிளகுக்குப் பவுண்டுக்கு 4 தெனாரியஸ் வெள்ளிக்காசு என்று விலை குறிக்கிறார்.  ‘யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு முசிறியைப் பாடுகிறதே, அந்தக் கறி, அதாவது மிளகு, போய் இறங்கிய இடங்களில் முக்கியமானது இந்தக் கிடங்கு. எண்ணெயின் அளவு இன்னும் மலைப்பானது. ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளை உடைத்துக் குவித்ததில் டைபர் ஆற்றங்கரைக்கு அருகே ஒரு குன்றே உருவாகிவிட்டது. டெஸ்டாச்சியோ என்ற அந்த ஓட்டாஞ்சில்லுக் குன்று இன்றும் 35 மீட்டர் உயரம்.

கடை வைத்தவர்களில் பெண்களும் உண்டு. ஆஸ்டியாவில் கிடைத்த 2-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்றில் ஒரு பெண் கல்லாவுக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளருக்குப் பழம் நீட்டுகிறார். மேலே கோழிகள் தொங்குகின்றன, கீழே கூண்டில் முயல், ஒரு கூடையில் நத்தை, மேடையில் கூட்டத்தை இழுக்க இரண்டு குரங்குகள். வணிக உத்தி அப்போதே தெரிந்திருக்கிறது.

சத்தத்துக்கு ஓய்வே இல்லை. கி.மு. 45-ஐ ஒட்டிய ஒரு சட்டம், விடிந்ததிலிருந்து ரோமானியக் கணக்கில் பத்தாம் மணிவரை, அதாவது பிற்பகல் பிந்திய நேரம் வரை, ரோமுக்குள் வண்டி ஓட்டத் தடை விதித்தது. கோயில் கட்டுமானம், குப்பை அள்ளுதல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. நெரிசல் குறைய நல்ல ஏற்பாடுதான், ஆனால் சரக்கு முழுக்க இரவில் நகர்ந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல்தெருவில் உருள்வதை நினைத்துப் பாருங்கள். ரோமில் நோயாளிகள் பெரும்பாலும் தூக்கமில்லாமல்தான் சாகிறார்கள் என்று ஜூவனல் எழுதியது இதை வைத்துத்தான். மார்ஷியலின் புலம்பல்: காலையில் பள்ளிக்கூட வாத்தியார், இரவில் ரொட்டிக்காரர், நாள் முழுக்கச் செம்புத் தட்டுபவர்.

குளியல்கூடத்துக்கு மேலே குடியிருந்த தத்துவஞானி செனெகாவின் பாடு இன்னும் மோசம். பாரம் தூக்குகிறவனின் முனகல், உடல் பிடித்துவிடுபவனின் அறை, தண்ணீரில் தொபீரென்று குதிப்பவன், பிடிபட்ட திருடன், அக்குள் மயிர் பிடுங்குபவன் வாடிக்கையாளரை அலற வைப்பது, தொத்திறைச்சியும் பலகாரமும் விற்பவர்களின் கூவல் என்று ஒரு கடிதம் முழுக்க எழுதியிருக்கிறார். தத்துவ மனம் இதிலெல்லாம் கலங்காது என்று வாதிட்டுவிட்டு, கடைசியில் நான் இடத்தை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று முடிக்கிறார்.

ஆனால் அந்தக் குளியல்கூடம்தான் குடித்தனக்காரனின் பெரிய சுகம். கட்டணம் பெரும்பாலும் கால் ஆஸ். மலிவு மதுவின் விலையில் நாலில் ஒரு பங்கு. மத்தியானத்துக்கு மேல் வேலை முடித்து வந்தால் உடற்பயிற்சி, எண்ணெய் பூசி வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கெடுத்தல், வெந்நீர், தண்ணீர், நண்பர்கள், வம்பு. 4-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் 11 பெரிய குளியல்கூடங்களும் 850-ஐ ஒட்டிய சிறியவையும் இருக்கின்றன. கி.பி. 216-இல் திறந்த காரகல்லா குளியல்கூடத்தின் இடிபாடே இன்றைக்கும் மிரட்டுகிறது. சுத்தம் எப்படி? எண்ணெய், வேர்வை, அழுக்கு, பிசுபிசுத்த தண்ணீர் என்று குளியலைப் பற்றிப் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸே எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் மேலாக ஒன்று: சூடான தரைக்கு அடியில், சுரங்க வழிகளில், நாள் முழுக்க விறகு போட்டுக்கொண்டிருந்தவர்களைக் குளிப்பவர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

அவர்கள் யார் என்ற கேள்விக்கு இங்கே வந்தாக வேண்டும். உலை எரித்தவர், மாவு அரைத்தவர், துணி மிதித்தவர், வாடகை வாங்கியவர், கால்வாயைச் செப்பனிட்டவர் எல்லாம் பெரும்பாலும் அடிமைகள் அல்லது விடுதலை பெற்றவர்கள். அந்த வாழ்வு எந்த நூலில் தொங்கியது என்பதை கி.பி. 61 காட்டியது. நகர ஆட்சியர் பெடானியஸ் செகண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். பழைய வழக்கப்படி அதே வீட்டில் இருந்த சுமார் 400 அடிமைகளுக்கும் மரண தண்டனை. பெண்களும் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். செனட் விவாதித்துத் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் ரோம் மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தித்தான் அந்த 400 பேரைக் கொண்டுபோக முடிந்தது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்த இந்தச் சம்பவம், அடிமைக்கும் குடிமகனுக்கும் நடுவே மேல்தட்டு போட்ட கோடு வாடகைக் குடித்தனங்களில் அவ்வளவு அழுத்தமாக இல்லை என்று காட்டுகிறது. அந்தக் கும்பலில் பலருடைய தகப்பனோ பாட்டனோ அடிமையாக இருந்திருப்பான்.

சாவுக்கும் பொது ஏற்பாடு இருந்தது. ரோமுக்குத் தெற்கே லனுவியம் ஊரில் கி.பி. 136-ஐ ஒட்டிய ஒரு சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகக் கிடைத்துள்ளன. சேரும்போது 100 செஸ்டர்ஸும் ஒரு சாடி நல்ல மதுவும். பிறகு மாதம் 5 ஆஸ். சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இறுதிச் சடங்குக்கு 300 செஸ்டர்ஸ். எஜமானர் அனுமதித்தால் அடிமைகளும் சேரலாம். எஜமானர் பிணத்தைத் தர மறுத்தால் உருவம் வைத்துச் சடங்கு நடத்த வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு.

வீட்டுக்கு வெளியே வைத்த வீடு என்பதில் ஒரு பலவீனம் இருந்தது. வெளியே இருப்பவை நின்றால் உள்ளே வாழ முடியாது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் கோதுமை புதுத் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குத் திரும்பியது. 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரைப் பிடித்ததும் ஆப்பிரிக்கக் கோதுமையும் கைவிட்டுப் போனது. மக்கள்தொகை சரிந்துகொண்டே வந்தது. 537-இல் கோத் மன்னன் விட்டிகஸ் ரோமை முற்றுகையிட்டுக் கால்வாய்களைத் துண்டித்தான். கால்வாய் நீரால் சுழன்ற மாவு ஆலைகள் நின்றன. நகரைக் காத்த தளபதி பெலிசாரியஸ் டைபரில் படகுகளை இணை இணையாகக் கட்டி, நடுவே சக்கரம் பொருத்தி, ஆற்று ஓட்டத்தில் ஆலைகளைச் சுழல வைத்தார். மாவுக்கு வழி பிறந்தது. குடிக்க ஆறும் கிணறுகளும் போதுமாயிருந்தன. குளியல்கூடங்களுக்கு மட்டும் தண்ணீர் இல்லாமல் போயிற்று.